மலை ஜீப்பு வருமுன் போட்ட பந்தி

போன மாதம் புதிய உபதேசியார்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் வைத்தார்கள். ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் போடிநாயக்கனூர்ச் சபையிலும், அதற்கு மேலே ஏலமலைச் சரிவில் இருக்கும் சின்னச் சின்னச் சபைகளிலும் உபதேசியாராக இருந்தவன் நான். சபைக்கு ஆயர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, ஜெபம் நடத்துவது, மணி அடிக்கிறவர் வராத அன்று மணியும் அடிப்பது என்று எல்லாம் உபதேசியார் தலையில்தான். நான் பேசி முடித்ததும் ஓர் இளம் உபதேசியார் எழுந்தார்.

"ஐயா, பண்டிகை அன்னைக்கு அன்பின் விருந்தப் பார்சலாக் கட்டி வாசல்லயே குடுத்துட்டா என்னங்கய்யா? கொரோனாவுக்கு அப்புறம் சில எடத்துல அப்படித்தான் செய்றாக. இலை, பாய், பந்தல் ஒண்ணும் வேணாம். சோலி வெரசா முடிஞ்சிரும்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்த வயதில் நான் இவரைவிட அவசரக்காரன் என்பது நினைவுக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டேன். "எழுதித் தர்றேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இது அந்தப் பதில்தான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் வேதம் படித்தேன், பிரசங்கம் பண்ணப் பழகினேன், பாட்டு சுமாராக வரும். வேலையைக் கற்றுக்கொண்டது பிற்பாடு, என் நடுவயதில் எங்களுக்கு ஆயராக வந்த ஒருவரிடம். ஒல்லியான, உயரமான மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் "சரி" என்பார், அவ்வளவுதான். மற்ற ஆயர்கள் கத்தினால் மறுநாள் மறந்துபோகும். இவருடைய "சரி" ஒரு மாதம் காதிலேயே கிடக்கும்.

அவர் வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த அம்மா எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடாமலே ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தேன். தெருவுக்கு வந்ததும் ஆயர் நின்றார்.

"உபதேசியாரே, தண்ணி வாங்கிக் குடிக்காத வீட்டுல ஜெபம் பண்ணாதீங்க."

"தாகம் இல்லீங்கய்யா."

"உங்களுக்கு இல்ல. நீங்க குடிக்கணும்னு அவங்களுக்குத் தாகமா இருந்துச்சு."

அந்த அம்மா என்ன சாதி, அவர் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஆயர் ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு பார்ப்பார், பதினைந்து வீட்டிலும் தண்ணீர் குடிப்பார். மத்தியானத்துக்கு மேல் அவரோடு நடப்பவனுக்கு ஒதுக்குப்புறம் தேடுவதே பாதி வேலை.

பண்டிகை ஆராதனைக்குப் பிறகு சபையே சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து விஷயத்திலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. எங்கள் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். வீட்டில் ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைப்பார்கள். அது கோயிலுக்கு வரும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு நாங்கள் கடையில் அரிசி வாங்குவதில்லை, இந்தப் பிடி அரிசிதான். மலைச் சபைக்காரர்களின் அரிசியை வெள்ளிக்கிழமையே ஜீப்பில் மூட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஞாயிறு காலையில் இன்னொரு ஜீப்பில் இறங்குவார்கள்.

இதில் சங்கடப்படுகிறவர் சமையல்காரர் காதர் பாய். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேசன் அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி. மலைக்காரர்கள் எல்லைக் கணவாயான மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வாங்குகிற சிவப்பு அரிசி, தடித்தடியாக இருக்கும், வேகவே வேகாது. மொத்தத்தையும் ஒன்றாகக் கொட்டினால் பாதி குழையும், பாதி கல்லாக நிற்கும். "இத்தன ரக அரிசிய ஒரே அண்டாவுல வேக வைக்கச் சொல்றீகளே, இது சமையலா சர்க்கஸா?" என்று வருடா வருடம் கேட்பார். ஆனால் செய்வார். மூட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்வார். சிவப்பு அரிசியை முதல் நாளே ஊறப்போட்டு, உலை கொதித்ததும் அதை முதலில் போடுவார். அது முக்கால் வெந்த பிறகு ரேசன் புழுங்கல், அப்புறம் பொன்னி, கடைசியில் பச்சரிசி. எந்த ரகம் எப்போது விழ வேண்டும் என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்லமாட்டார், ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். வடித்துக் கொட்டினால் வெள்ளைச் சோற்றுக்குள் அங்கங்கே சிவப்புப் பருக்கை தெரியும்.

பந்தியும் அப்படித்தான். ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருகிற வரிசையில் உட்கார வேண்டும். கமிட்டிக்காரருக்கு, நன்கொடை கொடுத்தவருக்கு என்று தனி இடம் கிடையாது. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்றும் கிடையாது. முந்நூறு இலையும் ஒரே பந்தி. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஜெபம், ஜெபத்துக்குப் பிறகுதான் சோறு. பந்திக்கு முந்து என்று பழகிய ஊரில் இதை நடைமுறைக்குக் கொண்டுவர அவருக்கு மூன்று பண்டிகை ஆயிற்று.

நான்காவது பண்டிகையில்தான் நான் அதைக் கெடுத்தேன்.

அன்று மலை ஜீப்பு ஒன்பது மணிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆராதனை முடிந்தது. அந்த நேரம் தேவாரம் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாவு என்று ஆள் வந்தது. ஆயர் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "நான் போயிட்டு வந்துடறேன். மலை ஜீப்பு வரட்டும். வந்தப்புறம் ஆரம்பிங்க" என்றார். நான் தலையாட்டினேன். இதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை.

ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. மலையில் செல்போன் எடுக்காது, யாரையும் கேட்க வழியில்லை. பந்தலுக்குள் வெயில் இறங்கியது. கமிட்டியில் மூத்தவரான தங்கராஜ் அண்ணன் என்னிடம் வந்தார். ஏலக்காய் வியாபாரி, அந்த வருடம் விருந்துக்கு ஆடு கொடுத்தவர். கெட்டவர் இல்லை, பசி தாங்காதவர்.

"உபதேசியாரே, எம்புட்டு நேரம்தான் இலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது? கறி கெட்டுப்போகும். அவுகளுக்கு ஒரு அண்டாவுல எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க."

எடுத்து வைத்துவிட்டால் போதும்தானே என்று எனக்கும் பட்டது. முந்நூறு பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள், முடிவு என் கையில் இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். "ஆரம்பிங்க" என்றேன். ஜெபத்தையும் நானே பண்ணினேன்.

எடுத்து வைத்த அண்டா என்ன ஆனது என்றால், கறி நன்றாக இருந்ததால் எல்லாரும் மறுசோறு கேட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வேறு. பரிமாறிய பிள்ளைகளுக்கு அது எதற்கு வைத்த அண்டா என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான், நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்கு ஜீப்பு வந்தது. மலைப் பாதையில் மரம் விழுந்து, அதை அறுத்து எடுக்கிறவரை நின்றிருக்கிறார்கள். பதினாறு பேர், பிள்ளை குட்டியோடு. நற்கருணை அப்பம் வாங்க வேண்டும் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்தவர்கள். முதலில் இறங்கியது ஞானம்மா. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் அத்தனை வீட்டுப் பிடி அரிசியையும் வாங்கிச் சேர்த்து அனுப்புகிறவர் அவர்தான். நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அண்டாவில் கொஞ்சம் ரசமும் அடிச்சோறும் இருந்தன.

நான் ஓடிப்போய், "ஞானம்மா, கோவிச்சுக்கிறாதீக. அஞ்சு நிமிசம், ஓட்டல்ல எல்லாருக்கும் புரோட்டா பார்சல் வாங்கியாறச் சொல்றேன்" என்றேன்.

"புரோட்டா திங்கவாய்யா மல எறங்கி வந்தோம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரமாகக் குவித்திருந்த எச்சில் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் வைத்த சோற்றில் சிவப்புப் பருக்கைகள் தெரிந்தன.

"எங்க அரிசி வந்திருச்சு. நாங்கதான் வரல" என்றார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஜீப்பில் ஏறிவிட்டார். மற்றவர்களும் ஏறினார்கள்.

சாயங்காலம் ஆயர் வந்தார். ஜீப்பு லேட்டு என்றேன். சனங்கள் பசி பொறுக்காமல் ஆரம்பித்துவிட்டார்கள் என்றேன். "ஆரம்பித்துவிட்டார்கள்" என்று சொன்னேனே தவிர யார் என்று சொல்லவில்லை. அவர் "சரி" என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கப் பீடத்தில் நின்று, "போன வாரம் மலையில இருந்து வந்தவங்கள விட்டுட்டு நாம சாப்பிட்டோம். தப்பு என்னோடது. நான் இங்க இருந்திருக்கணும்" என்றார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

மாதம் ஒரு தடவை அந்த லயத்துக்குப் போய் ஜெபக்கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. அடுத்த மாதம் போனேன். எல்லாரும் வந்தார்கள், பாய் விரித்தார்கள், "ஸ்தோத்திரம் ஐயா" என்றார்கள். யாரும் சண்டை போடவில்லை. ஆனால் யாரும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. முன்பெல்லாம் கட்டஞ்சாயா கொண்டுவருவார்கள், பால் இல்லாத டீக்கு மலையில் அதுதான் பெயர். அதுவும் இல்லை. நான் வறண்ட வாயோடு ஜெபம் பண்ணினேன், எனக்கே அது காதில் ஏறவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. பிடி அரிசி மூட்டையும் வருவது நின்றது. அந்தத் தோட்டத்துச் சனங்கள் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், சத்தமில்லாமல்.

மூன்றாவது மாதம் ஆயரிடம் போய் மலைச் சனங்கள் விலகுவதைச் சொன்னேன். ஒரு யோசனையும் வைத்திருந்தேன். "காதர் பாய்ட்ட சொல்லி ஒரு தேக்சா பிரியாணி போட்டு மலைக்குக் கொண்டு போயிருவோம்ங்கய்யா. எல்லாருக்கும் வயிறாரப் போட்டுட்டு வருவோம்."

ஆயர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "கொண்டு போனா, அங்கயும் நாமதான் போடறவங்க, அவங்க வாங்கறவங்க. வெறுங்கையோட போவோம். காலையில யாரும் சாப்பிட வேண்டாம். பசியோட போவோம்."

"போயி?"

"சாப்பாடு கேப்போம்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர், நான், தங்கராஜ் அண்ணன் மூன்று பேரும் ஜீப்பில் ஏறினோம். தங்கராஜ் அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, பையில் இரண்டு பிஸ்கட் வைத்திருந்தார். அதை ஆயர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் இரண்டு மைல் நடை. ஏலச்செடிக்கு நடுவே ஈரத்தில் வழுக்கி வழுக்கி லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. எனக்குக் கண் இருட்டியது.

ஞானம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "என்ன சோலியா வந்தீக?" என்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"பசிக்குதும்மா. சாப்பிட வந்தோம்" என்றார் ஆயர்.

ஞானம்மா எங்கள் கைகளைப் பார்த்தார். பாத்திரமோ பொட்டலமோ ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார் என நினைக்கிறேன். ஒன்றும் இல்லை. "இனிமேத்தான் உலை வைக்கணும். அந்த அரிசி வேக நேரமாகும்" என்றார்.

"இருக்கோம்மா."

இருந்தோம். வாசற்படியில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் இரண்டு கப்பைக் கிழங்கு கொண்டுவந்தார், ஒருவர் காந்தாரி மிளகாய், ஒருவர் நாலு முட்டை. யாரும் எங்களோடு பேசவில்லை. மஞ்சு இறங்கி எதிர் லயம் மறைந்துபோனது. சோறு வேகிற வாசம் வரும்போது பசித்தவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றரை மணிக்கு ஜீப்பை விட்டு இறங்கிய அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் கறி வாசம் எப்படி இருந்திருக்கும்!

சோறு இறக்கியதும் ஞானம்மா லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டார். அப்புறம் எங்களுக்குத் தட்டு வைத்தார். என் தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் நான் கையை வைத்து மறைத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஞானம்மா, அன்னைக்கி ஆரம்பிங்கன்னு சொன்னது நான்தான். ஐயா காத்திருக்கச் சொல்லிட்டுத்தான் போனாக. எம்மேல உள்ள தப்ப அவுக ஏத்துக்கிட்டாக."

தங்கராஜ் அண்ணன் மெதுவாக, "நாந்தான் அவர அவசரப்படுத்துனேன்" என்றார்.

"எங்களுக்குத் தெரியும்" என்றார் ஞானம்மா. "ஊருக்குள்ள ஒரு விசயம் மலைக்கு வர எம்புட்டு நேரம் ஆகும்? ரெண்டு மாசமா வர்றீக, போறீக. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்தோம்." அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "முதல்ல குடிங்க. முகமெல்லாம் சுண்டிக் கெடக்கு."

குடித்தேன். அழுகையும் வந்தது, அதை யாரிடமும் மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தச் சிவப்புச் சோற்றையும் கப்பையையும் காந்தாரிச் சட்டினியையும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தங்கராஜ் அண்ணன் கட்டஞ்சாயாவில் சர்க்கரை வேண்டாம் என்றதும், "சுகரா? அப்பறம் ஏன் பட்டினியா மலையேறி வந்தீக?" என்று ஞானம்மா அவரைக் கடிந்துகொண்டார். புறப்படும்போது யாரும் பிடி அரிசியைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் மலையிலிருந்து அரிசி மூட்டை வந்தது. காதர் பாய் அதைப் பிரித்துப் பார்த்து, "வந்திருச்சா என் தலைவலி" என்று சிரித்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு மறுபடியும் வரவில்லை. இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை, பைக்கில் ஓர் ஆளை மலைக்கு அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் அச்சு முறிந்து நிற்கிறது, வேறு ஜீப்புக்குச் சொல்லியிருக்கிறது, வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார். ஆயர் என்னைப் பார்த்தார். நான் பந்தியைப் பார்த்தேன். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், இலை போட்டாயிற்று.

"மலை ஜீப்பு வர நேரமாகும். காத்திருப்போம்" என்றேன்.

முணுமுணுப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு மூன்று குடும்பங்கள் எழுந்து போகவும் செய்தன. மற்றவர்கள் இருந்தார்கள். காற்றில் இலை பறக்காமல் ஆளுக்கொரு கல்லை வைத்துக்கொண்டார்கள். பாட்டுப் பாடிப் பார்த்தோம், பசியில் சுருதி சேரவில்லை. சின்னப் பிள்ளைகள் அழுது ஓய்ந்து பாயிலேயே தூங்கிப்போனார்கள். தங்கராஜ் அண்ணன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் கையைக் காட்டி என்னைப் போகச் சொன்னார்.

மூன்றே முக்காலுக்கு ஜீப்புச் சத்தம் கேட்டது. மலைச் சனங்கள் இறங்கி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள், உள்ளே வர யோசித்தபடி. ஞானம்மா மட்டும் உள்ளே வந்தார். பந்தியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து, ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். எல்லாம் கழுவியபடி வாடி வெறுமையாகக் கிடந்தன. கடைசியில் சோற்று வாளியோடு நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"யாருமே சாப்பிடலியா?"

"இல்லம்மா."

"பச்சப்புள்ளைகளுமா?"

"ஒங்களுக்காகத்தான்..."

"அறிவிருக்கா உபதேசியாரே ஒமக்கு?" பந்தல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "புள்ளைகளுக்காச்சும் ஒரு வாய் குடுக்க வேண்டாம்? அந்தா, அந்த அண்ணனப் பாரும், சுகருகாரரு, மொகம் வெளுத்துக் கெடக்காரு. அவரக் காயப்போட்டுட்டு வாளியத் தூக்கிக்கிட்டு நிக்கிறீரே! கொண்டாங்க இப்படி!"

வாளியை என் கையிலிருந்து பிடுங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தங்கராஜ் அண்ணன் இலையில் முதல் கரண்டியைப் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற மலைச் சனங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து அவரவர் இலைக்கு உட்கார்ந்தார்கள். என் ஊழியத்தில் எத்தனையோ பேர் எனக்கு மரியாதையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள், சால்வை போட்டிருக்கிறார்கள். ஒருத்தி தன் சொந்த வீட்டுக்குள் நின்று அதட்டுவதுபோல என்னை அதட்டியது அன்றைக்கு மட்டும்தான். நான் போய்த் தங்கராஜ் அண்ணனுக்குப் பக்கத்தில் ஞானம்மாவுக்கு ஓர் இலையை விரித்துவைத்துவிட்டு, ரசம் சூடாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.